தாள் நுழையாத இடுக்கு

தங்கை தன் மகளோடு தச்சர் வீட்டுக்கு வந்து அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. புருஷனோடு சண்டையெல்லாம் இல்லை. கரப்பான்பூச்சியோடுதான் சண்டை. தூங்கிக்கொண்டிருந்த நாலு வயதுக் குழந்தையின் காதுக்குள் ஒன்று புகுந்துவிட்டது. டாக்டர் அதைக் கால் வேறு மீசை வேறாகப் பிடுங்கி எடுத்த மறுநாளே அவள் பையைத் தூக்கிவிட்டாள்.

"சுவரோரத்துல ஒரு தாள்கூட நுழையாத மாதிரி அடைச்சாத்தான் அந்த ரூமுக்குள்ள கால் வைப்பேன். தாளை நானே விட்டுப் பாப்பேன்," என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

தச்சரின் வீடு ஒன்றரை அறை. நாத்தனாரைப் பற்றி அவர் மனைவி வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேச ஆரம்பித்திருந்தன. ஆகவே தச்சர் சனிக்கிழமையே தங்கை வீட்டில் புதுப் பலகைகளை இறக்கிவிட்டு, ஞாயிறு காலை இழைப்புளி, ரசமட்டம், வாள் சகிதம் அங்கே போனார்.

மாப்பிள்ளைக்குப் புத்தகம் பைண்டு செய்யும் தொழில். பிரிந்துபோன எதையும் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்பது அவர் கட்சி. செருப்பு வார், கண்ணாடிச் சட்டம், பொம்மையின் தலை எல்லாம் அந்த வீட்டில் பசையின் தயவில்தான் நின்றன.

"வாங்க மச்சான். நான் ஏற்கெனவே அடைச்சுதான் வச்சிருக்கேன். எங்கயோ ஒரு இடத்துல விட்டுப்போச்சுபோல. இன்னிக்கும் ஒரு வாளி காய்ச்சி வச்சிருக்கேன், தேவைப்படும்ல."

தச்சர் வாளியைப் பார்க்காமல் அறைக்குள் போனார். தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. சுவரடியில் ஓடிய ஸ்கர்ட்டிங் பலகை மட்டும் நேராக நின்றதால், அதற்கும் தரைக்கும் நடுவே சில இடங்களில் விரலே நுழையும். அந்த இடுக்குகளில்தான் மாப்பிள்ளையின் கைவேலை பழுப்பாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. தச்சர் உளியைக் கொடுத்து நெம்பினார்.

முதலில் வாடை வந்தது. புளித்த கஞ்சியில் ஈரத்துணியை ஒரு மாதம் ஊறப்போட்டது மாதிரி. பிறகு பலகை கழன்றது. பின்னால் காகிதக் கூழ், கூழுக்குள் வரிசையாக முட்டைக்கூடுகள், குடும்பம் குடும்பமாகக் கரப்பான்கள். வெளிச்சம் பட்டதும் மற்றவை ஓடின. ஒன்று மட்டும் மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் மறுபடியும் தின்ன ஆரம்பித்தது. தச்சர் உளியை எட்டப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"எதை வச்சு அடைச்சீங்க மாப்ள?"

"மாவுப் பசைதான். பழைய தாளை ஊறவச்சு, நல்லா கெட்டியா."

"பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவீங்களே, அது?"

"அது கடைக்கு மச்சான். புஸ்தகத்தை அரிச்சுடக் கூடாதில்ல. வீட்டுல குழந்தை கை வைக்குமேன்னு போடல."

"அப்ப புஸ்தகத்துக்குக் காவல். வீட்டுல பூச்சிக்குப் பந்தி."

"அப்படியெல்லாம் பாத்தா முடியுமா," என்று மாப்பிள்ளை சிரித்தபடி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நாலு சுவரையும் சுரண்டி, கழுவி, மருந்தடித்து முடிக்கவே உச்சிவேளை ஆகிவிட்டது. அதன்பிறகு தச்சர் தன் வேலையைத் தொடங்கினார். பலகையை ரசமட்டம் பார்த்து நிறுத்தி, பள்ளத்தில் ஆப்பு கொடுத்தார். அரை அங்குலக் கட்டை ஒன்றின்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, கட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டே போனார். தரை ஏறிய இடத்தில் கோடும் ஏறியது, இறங்கிய இடத்தில் இறங்கியது. கோட்டுக்குக் கீழே உள்ளதை அறுத்துச் சீவி, பின்பக்கம் ஒரு நூல் கூடுதலாகச் சாய்த்து எடுத்தார். பலகை உட்கார்ந்ததும் அதன் முன்விளிம்பு தரையைக் கவ்விக்கொண்டது.

மூன்று சுவர் இப்படியே முடிந்தது. நாலாவது சுவரில் பீரோ நின்ற மூலையில்தான் சனி பிடித்தது. அங்கே பள்ளம் முக்கால் அங்குலம். பென்சில் கோடு பலகையை விட்டே இறங்கி ஓடியது. கட்டையை உயர்த்தி அறுத்தால் மேல்விளிம்பு மற்றவற்றைவிடத் தாழ்ந்துபோகும். இன்னும் அகலமான பலகை வேண்டும். அப்படி ஒன்று அவர் வீட்டில் இருந்தது. இரண்டு முக்காலிகளின்மேல் போட்டு, தங்கை மகளுக்குப் படுக்கையாகக் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைக் கைக்குள் ஏதோ ஏறியது. உதறினார். விழுந்தது காலடியில் நசுங்கி வெள்ளையாகப் பிதுங்கியது. போதும் என்றிருந்தது. இருக்கிற பலகையையே அடித்து, பையிலிருந்த, மரத்தில் விரிசல் பூசும் பட்டியை எடுத்து இடுக்கில் அப்பி, கட்டைவிரலால் வழித்துவிட்டார். தாளை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அதான் மச்சான். இதைத்தானே நானும் செஞ்சேன்."

தச்சர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் சாம்பல் நிறமாக ஒட்டியிருந்ததும் ஒரு கூழ்தான். இரண்டு மாதத்தில் அது சுருங்கி உதிரும். மறுபடியும் ஒன்று குழந்தையின் காதைத் தேடிப் போகும். காலையிலிருந்து பார்த்த எதுவும் அந்த விரலைப்போல அவருக்குக் குமட்டவில்லை. பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் படுக்கையைச் சுருட்டியதும் தங்கை கேட்டாள்: "என்னண்ணே இது, பலகைய எடுத்துட்டா இவ எங்க படுப்பா?"

"அவ வீட்டுல."

தங்கை பையையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

இந்த முறை முக்கால் அங்குலக் கட்டை. கோடு முழுசாகப் பலகைக்குள் நின்றது. அறுத்து, சீவி, மேல்விளிம்பைப் பக்கத்துப் பலகையோடு சமமாக்கி அடித்தார். தங்கை ஒரு நோட்டுத்தாளைக் கிழித்து, முழங்கால் போட்டுச் சுவர் சுவராக விட்டுப் பார்த்தாள். மூலையில் மூன்று தடவை விட்டாள். மூன்று தடவையும் தாள் மடங்கியது. வாசலோரம் வைத்திருந்த பையை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"காலையிலேருந்து நானும் கூடவேதான் இருந்தேன்," என்றார் மாப்பிள்ளை.

தச்சர் கருவிகளைப் பையில் போட்டார். போகும்போது பசை வாளியையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

"மச்சான், அது நல்ல பசை..."

தெருமுனைச் சாக்கடையில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார். அவர் வாளியை நிமிர்த்துவதற்குள் கல்லிடுக்கிலிருந்து ஒரு மீசை நீண்டு, வந்திருப்பது என்னவென்று முகர்ந்து பார்த்தது.