கடைவாய்ப் பல்லும் நாத்தனார் கதையும்

1

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதே ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுப்பினால், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று ஒருக்களித்துப் படுத்தார். நான் வேலை பார்த்த பல் மருத்துவமனையில் நடந்தது இது. வரவேற்பு மேசையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன், பொய் சொல்வேனா?

[சொல்வார். — டாக்டர்]

(அடைப்புக்குறிக்குள் மூக்கை நுழைப்பவர் என் பழைய முதலாளி. இப்போது அவரும் ஓய்வில். இதைப் படிக்கக் கொடுத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மனித மனம் ஓர் ஆழ்கடல். அதன் அடியில்...' வேண்டாம். பல் கதைக்குக் கடல் எதற்கு?

நேராகவே சொல்கிறேன். ஊழியர்கள் மனநிறைவோடு வேலை செய்கிறார்களா என்று கண்டறிய ஒரு நிபுணர் வந்தார். கேள்விகளுக்குப் பதில் போட வேண்டும். யார் என்ன குணமோ அதற்கேற்ற வேலை கிடைக்கும். பிறகு எல்லோரும் ஈ என்று இளித்துக்கொண்டே இருப்போம்.

டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கும் உதவியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. நோயாளி வாயைத் திறந்தால் இவள் வாயும் திறக்கும். அவர் மூடிய பிறகும் இவளுடையது மூடாது.

'புதியவர்களிடம் அதிகம் பேசுவீர்களா?' என்று ஒரு கேள்வி.

"ச்சே, நான் எங்க பேசறேன்? அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்றேன், அவ்வளவுதான்" என்று 'இல்லை' போட்டாள்.*

* வாய் நிறையப் பஞ்சோடு கிடப்பவர் 'ஆ' என்பார். 'உன் நாத்தனார் எப்படி இருக்கா?' என்று கேட்டதாக இவள் எடுத்துக்கொள்வாள்.

நிபுணரின் தீர்ப்பு: வானொலி தனிமை விரும்பி. கருவிகளை ஆவியில் அவிக்கும் பின்னறைக்குப் போனாள். அங்கே வாய் திறக்காமல் நிம்மதியாக இருந்த பையனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அவன் விட்டால் போதும் என்று எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருந்தான். ஆகவே அவன் கலகலப்பானவன். நோயாளி நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டான்.

3

"அண்ணே, அந்த மிஷினோட மாரடிக்க என்னால ஆகாது. சாயந்திரம் எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள் வானொலி. குரல் உடைந்தது. (இங்கே ஒரு நகைச்சுவை எழுதி, அடித்துவிட்டேன்.)

அன்றைக்குத்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஒரு மல்யுத்த ஆசிரியர் வந்தார். ஊமைக்கோட்டான் ஒரு வார்த்தை பேசாமல் ஊசியை டாக்டரிடம் நீட்டினான். அதைப் பார்த்த ஆசிரியர் வாயை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் கெஞ்சினார், அதட்டினார். ஊஹூம்.

அப்போது பின்னறையில் வானொலி ஆவி மிஷினிடம் புலம்புவது கேட்டது: "நாத்தனார் பீரோவைத் திறக்கறேன், உள்ள என் கைக்கடிகாரம்!"

"அப்புறம்?" என்று வாயைத் திறந்தார் ஆசிரியர்.

ஊசி இறங்கியது. பின்னறைக் கதவைத் திறந்து வைத்தேன். கதை, நாத்தனாரின் மாமியார் காலத்துக்குப் போனபோது குறட்டை கேட்டது.

4

முடிவு ஒன்று: டாக்டர் அந்தத் தீர்ப்பைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

முடிவு இரண்டு: சாயந்திரம் வானொலி தன் பையை எடுத்துக்கொண்டு... இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

[ஒண்ணையும் எடுத்துக்காதீங்க. நான் கிழிக்கவும் இல்ல, அவ போகவும் இல்ல. மறுநாளே ரெண்டு பேரையும் பழைய இடத்துக்கு மாத்திட்டேன். சரி, அந்த ஆள் தூங்கினது நெஜந்தான். பல்லு மொத இழுப்புலயே வந்துடுச்சு. கடிகாரம் எப்படி அங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கணுமே, இடுக்கியைப் பிடிச்சபடியே நின்னுட்டேன். — டாக்டர்]