காற்றுக்கு விட்ட இடம்

பஸ் மடவளையைத் தாண்டிய பிறகுதான், சுதேஷ் தன் கால்களுக்கு நடுவே இருந்த அட்டைப்பெட்டியைத் தட்டிக்காட்டி, காலையில் தான் செய்த நல்ல காரியத்தை மனைவியிடம் சொன்னான். குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

"அவசரத்துல நீ பாதி கூட தண்ணி விடல. கேன்ல கொண்டு வந்தத ஊத்தி, ரெண்டு பையையும் முட்ட நிரப்பி கட்டிட்டேன்."

நிஷாந்தி யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அவன் சொன்னது காதில் விழுந்து, உள்ளே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து மூடியைத் திறந்தாள். இரண்டு பொலித்தீன் பைகளும் தண்ணீரால் விம்மிக் கிடந்தன. பன்னிரண்டும் பன்னிரண்டுமாக இருபத்திநாலு ஏஞ்சல் மீன்கள். எல்லாம் மேலே, ரப்பர் பட்டி போட்ட முடிச்சுக்கு அடியில், ஒரு நகத்தளவு காற்று மிஞ்சியிருந்த மூலையை நோக்கி வாயைக் குவித்துக்கொண்டு நின்றன.

வத்தேகமவில் அவர்கள் வீட்டின் பின்னால், பழைய சீமெந்துத் தொட்டியில், எட்டு மாதம் பார்த்து வளர்த்த மீன்கள் அவை. முதல் இரண்டு தடவையும் தாய்மீன் தன் முட்டைகளைத் தானே தின்றுவிட்டது. மூன்றாவது தடவை முட்டை ஒட்டியிருந்த இலையை அப்படியே வெட்டி வேறு வாளியில் வைத்து, மூன்று நாட்கள் அதன் பக்கத்திலேயே சோறு சாப்பிட்டாள். கண்டியில் மீன்கடை வைத்திருக்கும் மஹ்ரூப் நானா, முதலில் இருபத்திநாலை உயிரோடு கொண்டு வந்து காட்டச் சொல்லியிருந்தார். வந்து சேர்ந்தால் மாதாமாதம் அவளிடமே எடுப்பதாகப் பேச்சு. ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அதற்காகவே விடியற்காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ரவிகுமாரின் இரும்பு ஒட்டுவேலைக் கடைக்குப் போய், இரும்பை உருக்கும் சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக இரண்டு பைகளுக்கும் ஒட்சிசன் காற்றுப் பிடித்தாள். பைகள் இரண்டும் திருவிழாப் பலூன் போல இறுகின. பிறகு பெட்டியைச் சுதேஷிடம் விட்டு, கோயிலில் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வரப் பத்து நிமிடம் போனாள். அந்தப் பத்து நிமிடம்தான்.

சுதேஷ் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையின் கன்டீனில் தேநீர் போடுபவன். கிளாசில் அரை விரல் குறைந்தாலும், அது கொடுக்கிறவனின் மனசைக் காட்டும் என்பது அவன் கட்சி. முக்கால்வாசி வெறும் பையோடு மனைவி முதல் வியாபாரத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு அவன் கை எப்படிச் சும்மா இருக்கும்?

அவள் ஒரு பையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"மீனு தண்ணிக்குள்ள இருக்கிற காத்தத்தான் எடுக்குது. எடுத்து முடிச்சா தண்ணி மேல இருந்து வாங்கி கொடுக்கணும். மேல வாங்க எங்க இடம் வச்சீங்க?"

சுதேஷ் பையைப் பார்த்தான். செவுள்கள் திறந்து மூடும் வேகத்தைப் பார்த்தான். திரும்பிப் போகலாமா என்று கேட்டான். திரும்பும் தூரமும் போகும் தூரமும் ஒன்றுதான். அவளே முடிச்சுகளை அவிழ்த்தாள். அவன் பாதித் தண்ணீரைப் பக்குவமாகக் கேனுக்குள் வடித்தான். ஒரு பையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மற்றதை, அதே இருக்கையில் யன்னல் ஓரம் இருந்த ஓர் அம்மா, யாரும் கேட்காமலேயே வாங்கித் தன் கோப்புகளின் மேல் வைத்துக்கொண்டார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்யும் பத்மாதேவி அவர், யாழ்ப்பாணத்து ஆள், வாரத்தில் ஐந்து நாளும் இதே பஸ்ஸில் போகிறவர், ஆனால் இதுவரை ஒரு சிரிப்புக்கு மேல் பேசியதில்லை.

வீதி குண்டும் குழியுமாக இருந்தது. எப்போதும் நிஷாந்தி சபிக்கும் குழிகள். இன்று ஒவ்வொரு குழியிலும் பஸ் விழுந்து எழும்போது பைக்குள் தண்ணீர் உடைந்து நுரைத்தது, மீன்கள் ஒரு சாண் கீழே இறங்கின. இன்னொரு குழி வராதா என்று அவள் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்துக்கு முன்னால் வாகன வரிசையில் பஸ் நின்றது. தண்ணீர் அடங்கிக் கண்ணாடியானது. மீன்கள் ஒவ்வொன்றாக மறுபடி மேலே வந்தன. வாலில் ஒரு இழை முறிந்த மீன், அவள் தினமும் முதலில் தேடும் மீன், மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

விஷயம் பின் இருக்கை வரை போய்விட்டது. கொண்டக்டர் குனிந்து பார்த்து, தான் பலமாக ஊதித் தரவா என்றார்.

"வேணாம் அண்ணே," என்றாள் நிஷாந்தி. "நாம வெளிய விடுறது, நாம எடுத்துட்டு மிச்சம் வச்சது."

அப்போதுதான் சுதேஷ் எழுந்தான். பத்மாதேவியின் பிளாஸ்க் மூடியைக் கேட்டு வாங்கினான். மீன் படாமல் பையிலிருந்து தண்ணீரை மொண்டு, கையைப் பஸ்ஸின் கம்பி வரை உயர்த்தி, பையின் ஓரமாக ஊற்றினான். ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கயிறு போல அது இறங்கியது. மொண்டான், உயர்த்தினான், ஊற்றினான். நூறு பேருக்குத் தேநீர் ஆற்றுகிற கை. கயிறு எங்கும் அறவில்லை. விழுந்த இடத்தில் பொடிப்பொடியான குமிழ்கள் கீழே போய் மேலே வந்தன. கொண்டக்டர் தனக்குச் சீனி குறைவாக ஒன்று என்றார். பின்னாலிருந்து யாரோ இஞ்சி போட்டாச்சா என்றார்கள். பஸ் முழுவதும் சிரித்தது. நிஷாந்தி சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, தோற்றாள். பத்மாதேவியின் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. நிஷாந்தி பதறினாள்.

"சீலை காஞ்சிடும் பிள்ளை. நீர் அவரை நிப்பாட்டாம ஊத்தச் சொல்லும்," என்றார் பத்மாதேவி.

பஸ் நகர்ந்து பாலத்தில் ஏறியது. மகாவலிக் காற்று எல்லா யன்னல்களாலும் ஒன்றாக உள்ளே வந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அதை ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டதை நிஷாந்திக்குக் கேட்டது போல இருந்தது. எங்கேயோ ஒரு மரம் விட்ட காற்று, ஆறு தொட்ட காற்று, இப்போது இவர்களுக்குள். அடுத்த நொடி வெளியே.

கடையில் மஹ்ரூப் நானா பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, மீன்களைத் திறந்துவிட்டார். வால் முறிந்ததை மட்டும் தனித் தொட்டியில், குமிழ் விடும் குழாய்க்கு நேராக வைத்தார். நடந்ததை எல்லாம் கேட்டுக் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"இருபத்திமூணு நல்லா இரிக்கி. மத்தது யோசிச்சிட்டு இரிக்கி," என்றார். "அடுத்த மாசம் அம்பது கொண்டு வாங்க தங்கச்சி. மாப்பிள்ளைக்கு முதல்ல பை கட்டப் பழக்குங்க."

சொன்னதோடு விடாமல், சுதேஷைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு பையில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, தன் சிலிண்டரிலிருந்து ஒட்சிசன் பிடித்து, முறுக்கி, பட்டி போட வைத்தார். நான்காவது முயற்சியில் பை தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு இறுகி நின்றது. அதற்குள் தனித் தொட்டியில் சாய்ந்து கிடந்த மீனின் செவுள் ஒரு தடவை திறந்தது. நிஷாந்தி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

திரும்பும்போதும் அதே பஸ். சுதேஷ் மீனில்லாத அந்தப் பையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தான். இந்தத் தடவை உள்ளே என்ன என்று கொண்டக்டர் கேட்டார்.

"காத்து அண்ணே," என்றான் அவன்.

கொண்டக்டர் இரண்டு டிக்கெட் மட்டும் கிழித்தார். வளைவுகளில் ஆட்கள் சாயும்போதெல்லாம், பை நசுங்காமல் நிஷாந்தி ஒரு கையைக் குறுக்கே வைத்தாள். உள்ளே அடியில் கொஞ்சம் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. மேலே, காற்றுக்கு விட்ட இடத்தில், பின்னேர வெயில் ஏறி உட்கார்ந்திருந்தது.