நெஞ்சின் நடுவே ஒரு கட்டி

தலைகீழாக அடுப்புக்குள் குனிந்து, அந்த ஈட்டின் கடைசி ரொட்டியைச் சுவரில் அறைந்தபோது லாமாராவுக்கு மூச்சு அடைத்தது. தரையில் புதைத்த தோனே அடுப்பு அது. பெரிய தாழியைப் போல வாய் திறந்திருக்கும். இடுப்புவரை உள்ளே போனால்தான் அடிச்சுவர் கைக்கு எட்டும். இத்தனை வருஷமாக அப்படித்தான் குனிந்து நிமிர்ந்து கொண்டிருந்தாள். அன்றைக்கு யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. கண் இருட்டியது. முகத்துக்கு நேரே தணல் மட்டும் சிவப்பாக ஆடியது. அடுத்த நொடி அவளுடைய பாவாடையை யாரோ கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். இருவரும் மாவுத் தரையில் மல்லாந்து விழுந்தார்கள்.

"சாகணும்னா வீட்டுல போய்ச் சாவுடி! அடுப்புல விழுந்தா நாளைக்கு எவன் இங்க ரொட்டி வாங்குவான்?" என்று கத்தினாள் டோடோ. கத்தி முடிப்பதற்குள் அவளுக்கே இருமல் வந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சுராமிச் சாலையோரத்தில் இருவருக்கும் ஒரே தகரக் கொட்டகை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. திராட்சையும் பட்டையும் சேர்த்துச் சுட்ட நசூக்கி என்னும் இனிப்பு ரொட்டிதான் இரண்டு பக்கமும். அதனால் நின்ற ஒவ்வொரு காருக்கும் சண்டை. ஒருத்தி கைகாட்டி நிறுத்திய காரை மற்றவள் வழிமறித்துவிடுவாள். குளிர்காலத்தில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் டோடோவின் அடுப்பருகே உட்கார்ந்து, பேசாமல் தேநீர் குடிப்பார்கள்.

லாமாராவின் கணவன் வாஜா ரயில் பட்டறையில் வேலை பார்த்தவன். அவள் இளைத்துக்கொண்டே போவதையும் சாயங்காலமானால் உடம்பு கணகணப்பதையும் கவனித்தும், வேலைக் களைப்பு என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தான். அடுப்பில் விழப்போனதற்குப் பிறகு அது முடியவில்லை. அழைத்துப்போய் எக்ஸ்ரே படம் எடுக்க வைத்தான். உள்ளூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், இதயத்துக்கு மேலே, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு முஷ்டி அளவு நிழல்.

தலைநகர் திபிலிசியில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே மார்பு நோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் மாக்கா, தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட ஒல்லியான பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"நெஞ்சுக்கு நடுவுல வர்ற கட்டிங்க அபூர்வம்மா. அதுலயும் பல தினுசு இருக்கு. கெட்டது இருக்கு, சாதுவானது இருக்கு. சில சமயம் கட்டியே இல்லாம வேற எதாவதா இருக்கும். படத்தை வச்சு ஜோசியம் சொல்ல மாட்டேன். கழுத்துக்குக் கீழ சின்னதா கீறி, ஒரு துண்டு எடுத்துப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

அந்தப் பேச்சில் 'கெட்டது' என்ற ஒரு சொல்தான் வாஜாவின் காதில் விழுந்தது. துண்டை எடுத்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் அந்தச் சொல்லும் ஊருக்குள் வந்துவிட்டிருந்தது.

பிறகு வீடு நிறைந்தது. சாலையோரத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். கோழிச் சாறு வந்தது, பாலாடைக்கட்டி வைத்த அப்பம் வந்தது, மலைக்கோயிலிலிருந்து எண்ணெய் வந்தது. கட்டிப்பிடித்தார்கள், இரு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். "உன் கை ரொட்டி மாதிரி வராதுடீ" என்று பழைய பகையாளிகள்கூட ஒப்புக்கொண்டார்கள். கட்டிலில் சாய்ந்தபடி லாமாரா கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பற்றி நடந்து முடிந்த காலத்திலேயே பேசினார்கள். எவ்வளவு நல்லவளாக இருந்தாள், எப்படிச் சிரித்தாள். தன் கருமாதிச் சாப்பாட்டில் தானே பந்தியில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது அவளுக்கு.

டோடோ ஒருநாள் தனியாக வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் ரொட்டில போடற திராட்சை புழுத்ததுன்னு லாரிக்காரங்ககிட்ட நான்தான் சொல்லி வச்சேன்."

"தெரியும். உன் மாவுல எலி ஓடுதுன்னு நானும் சொன்னேன்."

"அடிப்பாவி! நீதானா அது?" என்று டோடோ எழுந்தாள். பிறகு நோயாளியின் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகைதான் லாமாராவுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. டோடோவே சண்டையை விட்டுக்கொடுக்கிறாள் என்றால் தனக்கு இனி நாள் இல்லை.

சோதனை முடிவு வந்த அன்று வாஜா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் மாக்காவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான்.  

"கட்டி இல்லம்மா," என்றாள் மாக்கா. "காசநோய். நுரையீரல்ல இல்ல, நடுவுல இருக்கற நெறிக்கட்டிங்கள்ல. அதுங்கதான் வீங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கட்டி மாதிரி வேஷம் போட்டிருக்கு. மருந்துக்குக் கட்டுப்படுற கிருமிதான், அதையும் பார்த்துட்டோம். ஆறு மாசம் மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது. சரியாயிடும்."

வாஜா மேஜையைத் தாண்டி டாக்டரின் கையை எடுத்து முத்தமிட்டான். "காசமா? வெறும் காசமா? டாக்டரம்மா, நீங்க நல்லா இருக்கணும்!" வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். காசநோய் என்றதும் ஒருவன் சந்தோஷத்தில் அழுவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

மாக்கா சிரித்துவிட்டு லாமாராவைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல ஒண்ணுக்குச் செவப்பா போகும். மாத்திரையோட நெறம்தான், பயப்படாதீங்க. இன்னொண்ணு. உங்க மூச்சிலருந்து யாருக்கும் ஒட்டாது. ஆனா உங்களுக்கு எங்கருந்தோ ஒட்டியிருக்கு. பக்கத்துல ரொம்ப நாளா இருமிக்கிட்டிருக்கறவங்க யாராவது இருக்காங்களா? குத்தம் சொல்லக் கேக்கல. அவங்களுக்கும் மருந்து குடுக்கணும், அதான்."

லாமாரா யோசித்தாள். "மாவு வேலைல எல்லாரும்தான் இருமுவோம்," என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் கோழிச் சாறு நின்றது. சாகப்போகிறவளைக் கட்டிப்பிடித்தவர்கள், பிழைக்கப்போகிறவளைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். வந்த பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனாள் வாஜாவின் அக்கா. "வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒட்டாது என்று லாமாரா எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். மாத்திரைகள் குமட்டின. ஆனால் சாயங்காலக் காய்ச்சல் போயிற்று. பசி எடுத்தது. இரவில் எழுந்துபோய் ஆறிய பீன்ஸைச் சட்டியிலிருந்தே தின்றாள். சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அடுப்பை மூட்டினாள். கார் நின்றது. அவள் எட்டு வைப்பதற்குள் டோடோவின் குரல் கேட்டது. "அங்க போகாதீங்கய்யா, அது காச வீடு!" கார் டோடோவின் பக்கம் நகர்ந்தது. மறுநாளும் அதே. சாலையோரப் பெண்கள் அதைக் கேட்டுக் குனிந்துகொண்டார்கள், ஒருத்தியும் தடுக்கவில்லை. லாமாரா தன் ரொட்டியைத் தானே பிய்த்துத் தின்றபடி பலகைத் தடுப்பில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்த இருமலைக் கேட்டாள். முன்பும் தினம் கேட்டதுதான். கடிகாரச் சத்தம் போலக் காதுக்குப் பழகிப்போனது. இப்போது மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து வந்த காதால் கேட்டாள். அடியாழத்திலிருந்து இழுத்துக்கொண்டு வரும் ஈர இருமல். போன குளிர்காலத்தில் சாத்திய கதவுக்குள் அவளோடு தேநீர் குடித்த இருமல்.

லாமாரா எழுந்து நின்றாள். இப்போது சாலைக்குப் போய் ஒரே ஒரு வாக்கியம் கத்தினால் போதும். கோபம் கழுத்துவரை வந்தது. கத்துவதற்கு மூச்சும் இழுத்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மூச்சு அடிவரை, ஒரு தடையும் இல்லாமல் போனது. அந்த ஆச்சரியத்தில் அவள் கத்த மறந்து நின்றுவிட்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் ஓயவில்லை.

அந்த வாரம் சுகாதாரத் துறையின் எக்ஸ்ரே எடுக்கும் வண்டி வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. சாலையோரத்துப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தார்கள். டோடோ போகவில்லை.

"எனக்கு என்னடி கேடு? மாவுத் தூசி. முப்பது வருஷ இருமல்."

"போயிட்டு வந்துடு, டோடோ."

"நீ யாரு என்னைப் போகச் சொல்ல? உன் சீக்கை எனக்கும் ஒட்டப் பாக்கறியா?"

 லாமாரா டோடோவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மாவு பிசைந்த கை, பிடித்தால் விடாது. டோடோ அவளுடைய ஏழு தலைமுறையையும் திட்டினாள், கையிலிருந்த மரக்கட்டையால் முதுகில் ஒன்று போட்டாள். இடையில் இருமல் வந்தபோது மட்டும் இருவரும் நின்றார்கள். பள்ளிக்கூடம்வரை இப்படியே போனது. வண்டிக்குள் ஏறும்போது டோடோ திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. தெரிந்துவிட்டதை ஒளித்து வைத்திருந்தவளின் பயம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து டோடோவின் அடுப்பு எரியவில்லை. பெண்கள் லாமாராவிடம் வந்தார்கள், ஓரடி தள்ளித்தான். "எங்க போனா அவ?"

"போலந்துக்கு. மகன் கூப்பிட்டானாம்," என்றாள் லாமாரா மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லாமலா போனா?"

"என்கிட்ட சொன்னா."

அடுத்த சோதனைக்காகத் திபிலிசிக்குப் போன அன்று, டாக்டர் மாக்கா புதுப் படத்தைக் காட்டினாள். நிழல் பாதியாகச் சுருங்கியிருந்தது. லாமாரா யாரைப் பற்றியும் கேட்கவில்லை, மாக்காவும் சொல்லவில்லை. ஆனால் பையில் சீமைமாதுளம் பழங்களும் ஒரு நசூக்கியும் இருந்தன. கீழே இறங்கி, மருத்துவமனையின் பின்பக்க முற்றத்துக்குப் போனாள். பார்க்க வந்தவர்கள் அங்கே நின்றுதான் மேலே பேசுவார்கள்.

"டோடோ!"

மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள். 

"சளில கிருமி இருக்காம்," என்றாள் டோடோ. "ரொம்ப நாளாவே இருந்திருக்கும்னாங்க. லாமாரா, அப்போ உனக்கு என்கிட்டருந்துதான்..." 

"மருந்து ஒழுங்கா முழுங்கறியா?"

"முழுங்கறேன்."

"ஒண்ணுக்குச் செவப்பா போகுதா?"

"போகுது. செத்தேன்னு நெனச்சேன்."

லாமாராவுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாருக்கும் நீ போலந்துல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். வரும்போது எதாவது சாமான் வாங்கிட்டு வந்தாத்தான் நம்புவாங்க. இப்போ கயிறை எறக்கு."

டோடோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனாள். அங்கிகளின் இடுப்புக் கச்சைகளை ஒன்றோடொன்று முடிந்து, நுனியில் ஒரு துணிப்பையைக் கட்டி இறக்கினாள். அது சுவரில் உரசியபடி ஆடி ஆடி வந்தது. லாமாரா ரொட்டியையும் பழங்களையும் வைத்து முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

பை மேலே ஏறியது. இரண்டாம் மாடிக்குக் கீழே மழைநீர்க் குழாயின் வளைவில் சிக்கிக்கொண்டது. டோடோ இழுத்தாள், வரவில்லை. குழாயை ஒட்டியிருந்த இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது. முகமூடி போட்ட யாரோ ஒரு மெலிந்த மனிதர் இடுப்புவரை வெளியே சாய்ந்து, கையை நீட்டி, பையைக் குழாயிலிருந்து மெதுவாக விடுவித்தார். ஒரு கணம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பட்டையின் வாசனையை முகமூடி வழியாகவே முகர்ந்தார். பிறகு உள்ளங்கையால் ஏந்தி மேலே தள்ளிவிட்டார். வெயில் பட்ட சுவரில் அது சுழன்றுகொண்டே போனது.