எட்டு மணிவரை ஒரு பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மின்னஞ்சலாக வந்தது. அதை அன்றைக்கே நான் வேறு ஒருவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவன் நான், திருச்செல்வம். ஆறு வாரத்துக்கு முன் வந்த அறிவிப்பு இது: ஆபாசத் தளங்களுக்கென்றே இணைய முகவரியில் ஒரு புதிய வால் வரப்போகிறது, டாட் காம் போல. கடைப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிந்தவர்கள், அந்த வால் தங்கள் பெயரில் ஒட்டாமல் முன்கூட்டியே தடுத்துக்கொள்ளலாம். கெடு முடிந்தால் எந்தப் பெயரையும் எவனும் வாங்கலாம்.

‘அடடா, கதை!’ என்று தோன்றியது. ‘கதைக்கு’ என்ற கோப்புறையில் போட்டு மூடினேன்.

2

முதல் தொடக்கம்: ‘காலை ஏழு இருபதுக்கு மோனோரயில் தலைக்கு மேல்…’ வேண்டாம். சினிமா மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: ‘குமுதா அக்காவின் மணப்பெண் அலங்காரக் கடைக்கு அவர் மகளின் பெயர், ————’

[இங்கே பெயரை எழுதி அடித்துவிட்டேன். கற்பனைப் பெயர் வைத்தால் அந்தப் பெயரிலும் கிள்ளானில் ஒரு கடை இருக்கும். கடை திறந்தால் பெண்பிள்ளை பெயரைப் பலகையில் போடாமல் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது. அக்கா, பிள்ளையின் அப்பா பெயரையும் சேர்த்து முழுசாகப் போட்டார். பிள்ளை இப்போது காப்பாரில் பள்ளி ஆசிரியை. இணையத்தில் தேடுகிறவனுக்குக் கடையும் அவளும் ஒன்றுதான்.]

3

இந்த வியாபாரத்தைப் பற்றி ஒரு பத்தி. வாலை விற்கிறவர்கள் அது வேண்டும் என்பவர்களை மட்டும் நம்பிக் கடை விரிக்கவில்லை. வேண்டவே வேண்டாம் என்று பதறுகிறவர்கள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். பயந்தவன் பேரம் பேசமாட்டான். பயப்படவும் தெரியாமல் இருப்பவனின் பெயரை வேறொருவன் வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாக ஒரு போன் போடுவான்.

(கட்டுரை போதும். மணி ஓடுகிறது.)

4

கெடு நேற்று நள்ளிரவோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் கதை எழுத மின்னஞ்சலைத் திறந்தபோதுதான் ‘உலக நேரம்’ என்ற சொல் கண்ணில் பட்டது. நம் ஊர் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது; நமக்கு அது இன்று காலை எட்டு. அப்போது ஏழு இருபது. குமுதா அக்கா கடைக்கு ஓடினேன்.

முகூர்த்த நாள். கடையில் பாதி அலங்காரத்தோடு ஒரு மணப்பெண் உட்கார்ந்திருந்தாள்.

“என்னா திரு, காலையிலயே மூச்சு வாங்குது?”

சொன்னேன். அக்கா கையிலிருந்த பிரஷ் நின்றது.

“எம்புள்ள பேர்லயா? அந்தக் கண்றாவிக்கா?”

“இன்னும் யாரும் வாங்கலக்கா. எட்டு மணிக்குள்ள தடுத்துரலாம். டிரேட்மார்க் சர்ட்டிபிகேட் எங்க?”

அம்மன் படத்துக்குப் பக்கத்தில் பிரேம் போட்டு மாட்டியிருந்தது. கழற்றிப் படமெடுத்துப் பதிவுத் தளத்தில் ஏற்றினேன். ‘பெயர் தெளிவாக இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. எப்படித் தெளிவாக இருக்கும்? பிரேம் போடுமுன் பூஜையில் வைத்து, நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, நடுவில் பிள்ளை பெயர்மேலேயே பெரிதாக ஒரு பொட்டு.

“அழிக்கணும்க்கா.”

“குங்குமத்தயா? முகூர்த்த நாள்ல, கல்யாணப் பொண்ணு முன்னுக்கா? வாய கழுவுலா!”

ஏழு நாற்பத்தாறு.

“ஆன்டி, பரவால்ல,” என்றாள் மணப்பெண். “நான் கண்ண மூடிக்கிறேன். நீங்க அழிங்க.”

அக்கா நகத்தால் சுரண்டினார். சந்தனம் உதிர்ந்தது, சிவப்பு போகவில்லை. மேக்கப் துடைக்கும் பஞ்சை நனைத்து ஒற்றினார். சிவப்போடு பெயரின் முதல் எழுத்தும் லேசாகக் கரைந்தது. கை நின்றது.

“இந்த மெயில் எப்ப வந்துச்சு, திரு?”

[இந்த இடத்தில் ‘நேத்து’ என்று மூன்று முறை எழுதி அழித்திருக்கிறேன்.]

“ஆறு வாரமாச்சுக்கா.”

“ஏன்லா சொல்லல?”

“கதை எழுதலாம்னு…”

“எம்புள்ள பேரு ஒனக்குக் கதையா?”

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அக்கா குனிந்து மறுபடி ஒற்றினார். ஏழு ஐம்பத்தெட்டுக்குப் படத்தை ஏற்றினேன். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மணப்பெண் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

5

பெயர் தப்பித்ததாக ஒரு முடிவும் போனதாக ஒரு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அச்சுக்குக் கொடுக்கமாட்டேன். அக்கா சொன்னது இது:

“எழுதிக்க. புள்ள பேரு வரக்கூடாது. என்னா ஆச்சுன்னும் சொல்லாத. தப்பிச்சிருச்சுன்னு சொன்னாலும் நாலு பேரு போயி பாப்பான்.”

ஆகவே முடிவு உங்களிடம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ், மணப்பெண் அலங்காரம், பலகையில் ஒரு பெண்ணின் முழுப் பெயர்: கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகாது. அந்த வாலைச் சேர்த்துத் தட்டினால் தெரிந்துவிடும்.

ஆறு வாரம் சும்மா இருந்தது நான் செய்த தவறு. நீங்கள் தயவுசெய்து சும்மா இருங்கள்.