ஆணியில் தொங்கிய பலகை

கென்யாவின் கிசுமு மீன் சந்தையில் அடோயோவின் வாய் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. கருவாடு விற்கிறவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எது விற்கும்? அப்படிப்பட்ட எனக்கு, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத மகன். ஒகேயோ என்று கூப்பிட்டால் திரும்புவான், சிரிப்பான், வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான். அவ்வளவுதான். அவனைவிட இரண்டு மாதம் இளைய எதிர்வீட்டுக் குழந்தை அப்போதே கோழிகளைத் திட்டிக்கொண்டிருந்தது.

தடுப்பூசி போடும் நர்ஸ்தான் முதலில் சொன்னாள். "பெரிய ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒரு செவ்வாக்கிழமை பேச்சுப் பயிற்சி குடுக்குற மேடம் வராங்க. சீக்கிரம் கூட்டிட்டுப் போ. மூணு வயசுக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது." சீட்டும் எழுதிக் கொடுத்தாள்.

அதை என் கணவர் ஒபுரா வாங்கி மடித்துத் தன் டைரிக்குள் வைத்துக்கொண்டார். அவர் ஆரம்பப் பள்ளியில் ஆங்கில வாத்தியார். வாத்தியாருக்குத் தெரியாதது உலகத்தில் ஏது?

"ஆஸ்பத்திரி எதுக்கு? நீ நம்ம லுவோ பாஷையில கத்துற, சந்தையில சுவாஹிலி, நான் இங்கிலீஷ். பையன் குழம்பிட்டான். இனிமே வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான்."

"எனக்கு எங்க வருது இங்கிலீஷ், வாத்தியாரே?"

"வர வைப்போம்."

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் பலகையைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம், கயிறு கட்டியது. எங்கள் ஊரில் படித்த எவருக்கும் அதைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளை அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொருவன் பேசி மாட்டிக்கொண்டால் அவனுக்கு மாற்றலாம். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குப் பிரம்படி. ஆறாம் வகுப்போடு நான் நின்றதே அந்தக் கயிற்றால்தான். அதை வாசல் ஓரத்து ஆணியில் மாட்டினார். தமாஷுக்காம்! இரண்டே நாளில் என் கழுத்துக்கு வந்தது. வீட்டில் வேறு யார் மாட்டிக்கொள்வது? பிள்ளைதான் பேசுவதில்லையே.

நான் அடங்கிப்போனேன். முன்பெல்லாம் அவனைக் குளிப்பாட்டும்போது சந்தைச் சண்டை முழுவதையும் ஆள் ஆளாக நடித்துக் காட்டுவேன். இப்போது கருவாடு கழுவுவதுபோல் கழுவினேன். மறந்துபோய் லுவோவில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் ஒபுரா திட்டமாட்டார். உதட்டில் விரல் வைப்பார், ஆணியைக் காட்டுவார். ஒகேயோ பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு கை கருவாடு குறைந்தால் சந்தையே அதிரக் கத்துகிறவள், ஒரு துண்டுப் பலகைக்குப் பயந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒன்றரை வருடம் போனது. ஆங்கில நர்சரியில், "முதல்ல பேச வெச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகுதான் டைரியிலிருந்து சீட்டு வெளியே வந்தது. "செவ்வாக்கிழம போயிட்டு வா" என்றார். கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நெகேசா மேடம் முதலில் அவன் காதைச் சோதிக்க அனுப்பினார். காதில் கோளாறு இல்லை. பிறகு தரையில் உட்கார்ந்து அவனோடு பந்து உருட்டினார். என்னிடம் சுவாஹிலியில் கேட்டார்.

"வீட்ல இவன்கிட்ட என்ன பாஷை பேசுவே?"

"இங்கிலீஷ், மேடம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"எங்க, பேசு பாப்போம்."

"கம். சிட். ஈட். குட் பாய்."

அவர் காத்திருந்தார். "அப்புறம்?"

"அவ்வளவுதான், மேடம்."

பேனாவைக் கீழே வைத்தார். "இவனுக்குப் பேச்சு வராதது உன் தப்பில்லம்மா. பாஷை கூடிப்போனதாலயும் இல்ல. ஆனா நிறையக் கேக்க வேண்டிய வயசுல உன் வாயை அடைச்சிட்டாங்களே. யாரு சொன்னது?"

"வீட்டுக்காரர். வாத்தியார்."

"இன்னைக்கே உன் பாஷையில ஆரம்பி. குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, ஓயாம பேசு. மாசாமாசம் இங்க வா. லேட்டுதான். அதுக்காக விட்டுடாத, வா."

வீட்டில் ஒபுரா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் லுவோவிலேயே சொன்னேன். பேனா நின்றது.

ஒகேயோவை மடியில் போட்டு, சோளக்களியை உருட்டினேன். "என் ராசா, இன்னைக்கு வண்டியில ஒரு கிழவன் கோழியோட வந்தானே, பாத்தியா? அந்தக் கோழி கண்டக்டரைக் கொத்தவும் அவன் குதிச்சானே..."

ஒன்றரை வருடத்துப் பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. அவன் என் வாயையே பார்த்தான். பிறகு மடியிலிருந்து நழுவி இறங்கினான். முக்காலியை வாசல் ஓரத்துக்கு இழுத்துப் போனான். ஏறி, ஆணியிலிருந்து பலகையை எடுத்துவந்து என் கழுத்தில் மாட்டினான். கோணலாக இருந்ததை நேராக்கினான். தன் உதட்டில் விரல் வைத்தான்.

சரியாகச் செய்தேனா என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.