விரும்பித் தங்கியவர்கள்

பேராசிரியர் பெர்ரான்தே திங்கட்கிழமைகளில் மட்டும்தான் குளிப்பார். அதுவும் கோபாலசிங்கம் சட்டையைக் கழற்றி, கையைப் பிடித்துத் தொட்டிக்குள் இறக்கினால்தான். ஆறு நாள் வியர்வையும் சுருட்டு நாற்றமும் ஒன்றாகக் கிளம்பும்போது கோபாலசிங்கத்துக்கு வயிற்றைக் குமட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பான். ஏழு வருடமாகத் தேய்க்கிறான். ஆனால் அந்த மனிதர் மேல் அவனுக்கு உண்மையான அருவருப்பு வந்தது போன சனிக்கிழமைதான்.

பெர்ரான்தே இத்தாலியின் பலேர்மோவில் மாலுமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஜப்பானில் கரையொதுங்கிய ஐரோப்பிய மாலுமி ஒருவனை வீரனாக்கிய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரே கொதிப்பு. "எல்லாம் புளுகு. நடந்த வரலாறு வேறு" என்று குளியல் தொட்டிக்குள் இருந்துகொண்டே முழங்குவார். அந்த வரலாற்றைத் தன் சங்கத்தில் உரையாக வாசிக்க மூன்று மாதம் எழுதினார். அதே மூன்று மாதத்தில் கோபாலசிங்கம் தன் பாஸ்போர்ட்டை நான்கு முறை கேட்டுவிட்டான்.

தொண்ணூறில் தங்கும் அனுமதி, அதாவது பெர்மெஸ்ஸோ, கிடைத்த அன்றே பாஸ்போர்ட்டை அவர் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். "இங்கே கவனமாக இருக்கும்" என்றார். அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் தானே கோட்டுப் பையில் கொண்டுவந்து காட்டி, தானே திருப்பிக் கொண்டுபோவார். எவ்வளவு நல்ல மனிதர் என்று கோபாலசிங்கமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அதை நினைத்தால் இப்போது அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

இந்தப் பங்குனியில் அவனுடைய மனைவி குகனேஸ்வரி மகள் ஆரணியோடு வவுனியாவில் இராணுவத்தின் பயண அனுமதியான பாஸ் எடுத்து, அவனைச் சந்திக்கக் கொழும்புக்கு வந்திருந்தாள். பாஸ் முப்பது நாளைக்கு. முடிந்தால் இருவரும் திரும்பிப் போயாக வேண்டும். அவன் புறப்பட்டபோது ஆரணிக்கு மூன்று வயது. இப்போது பத்து. தங்கியிருந்த லொட்ஜின் தொலைபேசியில் குகனேஸ்வரி சொன்னாள்: "பன்னிரண்டு நாள் போட்டுதப்பா. நீங்கள் வாறன் வாறன் எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு என்ன செய்யிறியள்?"

பேராசிரியரிடம் ஓடினான். "உரை முடியட்டும்" என்றார்.

சனிக்கிழமை உரைக்கு அவரது மேல்கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்சுவர் ஓரம் நின்றான். வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேயன், ஒல்லாந்துக் கப்பலின் வழிகாட்டி. பட்டினியில் கயிறுகளுக்குச் சுற்றிய கன்றுத்தோலைத் தின்று, 1600ஆம் ஆண்டு ஜப்பானில் கரையேறியபோது எழுந்து நிற்கக்கூடியவர்கள் அரை டசின் பேர். கடற்கொள்ளைக்காரர்கள், கொல்லுங்கள் என்றார்கள் அங்கிருந்த போர்த்துக்கேயர். நாட்டை ஆண்ட தொக்குகாவா பிரபு கொல்லவில்லை. கப்பல் கட்டவும் கணிதம் படிக்கவும் அவனை வைத்துக்கொண்டார். ஐந்து வருடம் கழித்து, மனைவியையும் பிள்ளையையும் பார்க்கவேண்டும் என்று அடம்ஸ் மன்றாடினான். பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. விடவில்லை.

அந்த மன்றாட்டை வாசிக்கும்போது பெர்ரான்தேயின் குரல் தழுதழுத்தது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கோபாலசிங்கம் கோட்டின் கழுத்தைக் கசக்கிப் பிடித்தான்.

"பிறகு அனுமதி கிடைத்ததுதானே? அப்போதும் ஏன் போகவில்லை?" என்று ஒருவர் கேட்டார்.

"கிடைத்தது, பதின்மூன்று வருடம் கழித்து. அவன்தான் விரும்பித் தங்கிவிட்டான்" என்றார் பெர்ரான்தே. "எங்கள் வீட்டில் எமிலியானா என்று ஒரு வேலைக்காரி, கேப் வேர்ட் தீவுகளிலிருந்து வந்தவள். பன்னிரண்டு வருடம் இருந்தாள், எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினாள். ஊருக்குப் போகவேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதோ, எங்கள் கோபாலையும் பாருங்கள்."

சபை திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. பதின்மூன்று வருடம் பூட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்து, பார் போகவில்லை என்கிறார்களே, இவர்களுக்கு வெட்கமே இல்லையா என்று கோபாலசிங்கத்துக்குத் தோன்றியது. வீடு திரும்பியதும் மறுபடி கேட்டான். "ஈஸ்டர் முடியட்டும்" என்றார் பேராசிரியர், கைதட்டல் இன்னும் காதில் ஒலிக்கிற முகத்தோடு.

ஈஸ்டர் முடிந்தால் பாஸும் முடிந்துவிடும்.

திங்கட்கிழமை வழக்கம்போலத் தொட்டிக்குள் இறக்கினான். இழுப்பறைச் சாவி அந்தோனியார் பதக்கத்தோடு அவர் கழுத்துச் சங்கிலியில்தான் எப்போதும் கிடக்கும். குளிக்கும்போது மட்டும் துருப்பிடிக்குமென்று கழற்றிக் கண்ணாடித் தட்டில் வைப்பார். ஏழு வருடமாக அந்தச் சங்கிலியைத் துடைத்துக் கொடுத்தவன் கோபாலசிங்கம்தான். அன்று அதை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தான்.

பாஸ்போர்ட் இருந்தது. அதன் கீழே, ரப்பர் வளையம் போட்ட இன்னொன்று. விரித்தான். வட்ட முகத்தோடு ஒரு கறுத்த பெண். எமிலியானா. உள்ளே ஒரு விமான ரிக்கற், 1981 மார்கழி, அவள் பெயரில். கிழிக்கப்படவே இல்லை. போய்வரத் தேதி குறித்து, ரிக்கற்றும் எடுத்தவள் எப்படி விரும்பித் தங்கினாள்?

திரும்பி வந்து அவரைத் தூக்கி நிறுத்தி, கால் விரலிடுக்குவரை துடைத்து, உடுப்புப் போட்டு, கதிரையில் இருத்தினான். வேலையை அரைகுறையாக விடுகிற பழக்கம் அவனுக்கில்லை. பிறகு இரண்டு பாஸ்போர்ட்டையும் காட்டினான்.

"அவ கேட்கவேயில்லை என்றீர்களே."

பெர்ரான்தே கொஞ்சமும் கூசவில்லை. "என் மனைவி படுக்கையில் கிடந்தாள். இவளும் போயிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?" என்றார். கை நீட்டினார். "உன்னுடையதைக் கொண்டுபோ, திரும்பி வராதே. அவளுடையதை வை. அது இந்த வீட்டுப் பொருள்."

 கோபாலசிங்கம் இரண்டையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான். எமிலியானாவுக்கு ஊரில் யார் இருக்கிறார்கள், எந்த முகவரிக்கு அனுப்புவது, எதுவும் தெரியாது. ஆனாலும் அந்த இழுப்பறையில் அவளை விட்டுவர அவனுக்கு மனமில்லை.

பல்லரோ சந்தைக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து கொழும்புக்கு எடுத்தான்.

"ஐயா விட்டவரோ?" என்றாள் குகனேஸ்வரி.

"இல்லை. நான் எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

"அப்ப வேலை?"

"போட்டுது. நீர் பிள்ளையைக் கூப்பிடும்."

ஆரணி வந்தாள். அப்பா வருவார் என்று மூன்றுமுறை நம்பி ஏமாந்த பிள்ளை, வணக்கம் சுகம் ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா, உங்களுக்கு இஞ்சை வர விருப்பமில்லையோ?" என்றாள்.