ஆரஞ்சு மேல்சட்டை

விரல்கள் மடங்கவில்லை. ஆர்கன்சாஸ் கோழி ஆலையில் பதினோரு வருஷமாக உயிர்க்கோழிகளைக் காலைப் பிடித்துக் கொக்கியில் மாட்டி மாட்டி டுவெய்னின் கைகள் கட்டையாகிவிட்டிருந்தன. சர்ச்சின் கீழ்த்தளத்தில், யாரோ சமைத்துக் கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்குத் தட்டின் அலுமினியத் தாளைப் பிய்க்க முடியாமல் நின்றான். ஒன்பது வயது மகள் ஜோசி வந்து பிய்த்துக் கொடுத்தாள். அரை மணி நேரத்துக்கு முன்தான் அவள் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

டுவெய்னின் மனைவி மார்லா நாலாம் வகுப்பு டீச்சர். செவ்வாய்க்கிழமை பள்ளியில், யாரோ சுடுகிறான் என்று அலாரம் அடித்தது. உண்மையில் அது கூரை வேலைக்காரர்கள் ஆணி அடித்த சத்தம். மார்லா பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பள்ளி கொடுத்திருந்த கைத்துப்பாக்கியோடு வாசலில் காவல் நின்றாள். ஓடி வந்த போலீஸ்காரன் துப்பாக்கியைத்தான் பார்த்தான். சுட்டுவிட்டான்.

துப்பாக்கி எடுக்கும் டீச்சர் முதலில் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும், போலீஸ் அடையாளம் கண்டுகொள்ள. அது விதி. சட்டை அவள் மேஜை டிராயரில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

டுவெய்னின் அண்ணன் டாயில் தட்டோடு வந்து உட்கார்ந்தான். பள்ளிக்குழு உறுப்பினன். டீச்சர்களுக்குத் துப்பாக்கி வேண்டும் என்று கை தூக்கியவன். அவன் பிள்ளைகள் நாலு பேரும் பள்ளி வாசலை மிதித்ததில்லை. அவன் மனைவி கிளெண்டா சமையலறை மேஜையில் வைத்தே பாடம் சொல்லித் தருகிறாள்.

"அந்தச் சட்டைய மட்டும் மாட்டியிருந்தாள்னா..."

"உள்ள இருபத்திரண்டு பிள்ளைங்க கதறிக்கிட்டு இருந்துச்சு. நின்னு சட்டை மாட்டச் சொல்றியா?"

"விதியத்தானடா சொன்னேன்."

"உன் பிள்ளைங்க நாலும் அன்னைக்கு எங்கண்ணா இருந்துச்சு?"

டாயில் வாயில் இருந்த பன்றிக்கறியை மென்றுகொண்டே இருந்தான்.

"சண்டை வேணாம்," என்றாள் கிளெண்டா. "ஜோசிய எங்கிட்ட விடு தம்பி. நாலோட அஞ்சா படிக்கட்டும். எங்க வீட்டுக்குள்ள எவனும் சுட வரமாட்டான்."

"அந்த மேஜைலதான அண்ணனும் உக்காந்து சாப்பிடும்? வேணாம் அண்ணி. நானே வீட்ல வெச்சுச் சொல்லித் தரேன்."

"நீயா? ஏழாவதுல ஒண்ணா படிச்சப்ப கணக்குப் பரீட்சைல என்னைப் பாத்துத்தானடா எழுதுன," என்றான் டாயில்.

"அதான் ஃபெயிலானேன்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

கிளெண்டா குரலைத் தாழ்த்தினாள். "சொல்லித் தர நீ எப்பப்பா வீட்ல இருப்பே?"

ஜோசி அலுமினியத் தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, எங்க கிளாசுக்குப் புது டீச்சர் வருவாங்கல்ல? அவங்களும் துப்பாக்கி வெச்சிருப்பாங்களா?"

டாயில் காப்பி எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போனான்.

மனைவி செத்தால் ஆலையில் மூன்று நாள் லீவு. இன்று நாலாவது நாள். அவனுக்குப் பதிலாக இன்று கொக்கி வரிசையில் நிற்பவன் கூட வேலை செய்யும் ஓட்டிஸ். திங்கட்கிழமை விடிகாலையில் போய்த் தன் வேலையை முடித்ததும், டுவெய்ன் அவனுடைய ஷிஃப்டையும் பார்க்க வேண்டும். ஓட்டிஸுக்கு எட்டு மணி நேரம் கடன்.